மண் வீட்டில் மகராசர்கள்!

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். மலையை வணங்கிப் பார்க்கிறார்கள். கூரைகளைப் பார்ப்பவர் குறைவு. நீங்கள் அடுத்த முறை வரும்போது கூரைகளைப் பாருங்கள். இந்த ஊரில் இரண்டு விதமான மண் வீடுகள் உண்டு. இரண்டையும் ஒரே பகற்பொழுதில் கண்டுவிடலாம். பேருந்துக் கட்டணம்தான் செலவு.

ஒன்று, கிரிவலப் பாதையைத் தாண்டிக் கிளைச் சாலையில் நடந்தால் தென்படும். வேப்பமர நிழலில் பருத்த மண் சுவர்; சுவரின் மேல் மூங்கில்; மூங்கிலின் மேல் ஓலை; முகப்பில் தேக்குக் கதவு; கதவுக்கு வெளியே கார்! உள்ளே காலெடுத்து வைத்தால் சித்திரை வெயில் வாசலோடு விடைபெற்றுக்கொள்ளும். சென்னையிலிருந்தும் சீமையிலிருந்தும் அமைதி நாடி வந்தவர்கள் அமைத்துக்கொண்ட இல்லங்கள் அவை. "இயற்கையோடு இயைந்த இல்லம்" என்று பெயர். அதைக் கட்ட வல்லுநர் வருகிறார். காற்று எத்திசை வீசும் என்று கணிக்கிறார். களிமண்ணைக் கையிலெடுத்து உருட்டிப் பார்க்கிறார். கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறார்.

மற்றொன்று, ஏரிக்கரையோரம், ஓடைப் புறம்போக்கில், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட இடத்தில் இருக்கும். அங்கும் மண்தான் சுவர். அங்கும் ஓலைதான் கூரை. ஆனால் அதற்கு வல்லுநர் எவரும் வரவில்லை. வருவாய்த் துறை ஊழியர்தான் வந்தார். அதற்கு இயற்கை இல்லம் என்று எவரும் பெயர் சூட்டவில்லை. அதன் பெயர் குடிசை, பதிவேட்டிலே ஆக்கிரமிப்பு!

அதே மண்! அதே ஓலை! ஒருவன் குழைத்தால் கலை. மற்றொருவன் குழைத்தால் குற்றம்!

பொறாமையால் பேசுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பணக்கார மண் வீடு நல்ல வீடு. அதில் குறை காண நான் இதை எழுதவில்லை. அதிலே உள்ள அறிவு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதுதான் என் வழக்கு. அந்த வழக்கிலே நம் கழகமும் ஒரு தரப்பு. ஆகவே முதலில் நம் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஓலையை நாம் வெறுத்தோம். வெறுத்ததற்குக் காரணம் உண்டு. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள், முதியோர்! அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் நாம்தான். அதை மறைத்துப் பேசுவது ஆண்மையல்ல. 2004ஆம் ஆண்டு ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றிக்கொண்டது. 94 பிஞ்சுகள் கருகின. கீற்று குளிர்ச்சி தரும், உண்மை. ஆனால் ஒரு தீக்குச்சிக்கு அடிமையாகக் கிடக்கும் குளிர்ச்சி அது! மழைக்கு ஒழுகி, பாம்புக்கு வழிவிட்டு, புயலுக்குப் பறந்து, பகைவன் கையிலுள்ள பந்தத்துக்குப் பயந்து நடுங்கிய கூரைக்குக் கீழே நம் தாய்மார்கள் தலைமுறை தலைமுறையாகப் படுத்தார்கள்.

அதனால்தான் 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. அதனால்தான் 2010இல், 21 இலட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அதனால்தான் 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கலைஞரின் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது: 2030க்குள் 8 இலட்சம் வீடுகள்; ஒவ்வொன்றுக்கும் மூன்றரை இலட்சம் ரூபாய்; 360 சதுர அடி. கான்கிரீட் தளம் என்பது நமக்கு வெறும் சிமெண்டும் கம்பியும் அல்ல, தோழரே! "நீ ஓட்டு வீடு கட்டலாகாது, உன் சாதிக்கு அந்த உரிமை இல்லை" என்று திருவிதாங்கூரிலும் மலபாரிலும் சட்டம் பேசிய சனாதனத்துக்கு நாம் கொடுத்த கெட்டியான மறுமொழி அது.

ஆகவே, "பழைய மண் குடிசையே ஆரோக்கியம், ஏழைகள் மண்ணுக்குத் திரும்ப வேண்டும்" என்று குளிர்சாதன அறையிலிருந்து உபதேசிக்கும் உயர்திருவாளர்களுக்கு என் விடை ஒன்றுதான்: ஐயா, நாங்கள் அங்கிருந்துதான் வருகிறோம்!

இதுவரை கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்டுவீர்களோ, மாட்டீர்களோ!

சித்திரை மாத இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கான்கிரீட் வீடுகளில் ஒன்றுக்குள் போய் நின்று பாருங்கள். வேண்டாம்; படுத்துப் பாருங்கள். திருவண்ணாமலை கருங்கல் மலையின் அடியில் கிடக்கும் ஊர். பகலெல்லாம் மலை வெயிலைக் குடிக்கும். மாலையில் மூச்சு விடும். வீட்டின் தளமும் அப்படித்தான். நாலைந்து அங்குலக் கனமுள்ள தளம் காலை முதல் மாலை வரை சூரியனிடம் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறது. இரவானதும் அந்தக் கடனை அடைக்கத் தொடங்குகிறது. சூரியனுக்கு அல்ல, கீழே படுத்திருக்கும் குழந்தையின் மார்பின் மீது! சன்னல் ஒரு பக்கம்தான். எதிர்ச்சுவரில் திறப்பு இல்லை. ஒரு வழியாகப் புகுந்த காற்று மறு வழியாக வெளியேற வேண்டாமா? காற்றாடி சுழல்கிறது, சுடுகாற்றைத்தான் சுழற்றுகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலால் மாண்டவரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணை பிறந்தது. நல்ல ஆணை. ஆனால் வெயிலைப் பேரிடர் என்று ஒரு கையால் எழுதிவிட்டு, வெயிலைச் சேமித்து வைக்கும் கூரையை மறு கையால் கட்டித் தரலாமா?

"அப்படியானால் என்ன செய்யச் சொல்கிறாய்? ஓலையும் வேண்டாம், தளமும் வேண்டாம் என்றால் வானத்தையா வேய்வது?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் பொறியாளன் அல்லன்; கல்லூரியைப் பாதியில் விட்டவன்; நாடக மேடையில் படுதாவிலே மாளிகை எழுப்பிப் பழகியவன். எனவே நான் சொல்வதை விடுங்கள். கட்டிக் காட்டியவர்களைப் பார்ப்போம்.

லாரி பேக்கர் என்றொருவர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இந்த நாட்டுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் அங்கேயே கண்மூடினார். இளமையில் காந்தியாரைச் சந்தித்தாராம். ஒரு சிற்றூர் வீட்டுக்கு வேண்டிய பொருள் அனைத்தும் அதைச் சுற்றி ஐந்து மைல் எல்லைக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று அவர் கூறியதைப் பேக்கர் பின்னாளில் நினைவுகூர்வார். காந்தியாரோடு நமக்குத் தீராத கணக்குகள் பல உண்டு. ஆனால் இந்த ஒரு வரவை வரவென்றே எழுதலாம்.

பேக்கர் செய்தது என்ன? செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி, இரு வரிசைக்கிடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். நாலில் ஒரு பங்குச் செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுக்கும் திரை. தளம் போடும்போது இன்னொரு சூழ்ச்சி. கான்கிரீட் தளத்தின் மேற்பாதிதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிகளுக்கு இடையே கிடக்கும் கான்கிரீட் பெரும்பாலும் சும்மா தொங்குகிற சுமை! உழைக்காமல் உண்ணும் அந்தக் கான்கிரீட்டை வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்தார். சிமெண்டு குறைந்தது, எடை குறைந்தது, ஓட்டுக்குள் அகப்பட்ட காற்றினால் சூடும் குறைந்தது. சன்னலுக்குச் சட்டமும் கம்பியும் வாங்க முடியாதவனுக்குச் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கி, காற்றும் ஒளியும் வடிந்து வரும் சுவர் தந்தார். 1985இல், முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் போன்றோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பையும் நிறுவினார். கவனியுங்கள்: ஒரு பொதுவுடைமை முதலமைச்சர், ஓர் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். சாமியாருக்காக அல்ல, சாமானியனுக்காகச் சேர்ந்தார்கள்!

கேரளம் வரை போவானேன்? இங்கிருந்து கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்து ஆரோவிலில் 1989 முதல் மண் கட்டுமானத்துக்கென்றே ஒரு கழகம் இயங்கி வந்திருக்கிறது. மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, இயந்திரத்தால் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சூளை வேண்டாம் என்பதை எளிதாகக் கடந்துவிடாதீர்கள். செங்கல் சூளைகளில் முன்பணத்துக்கு அடமானமாகிப் பிள்ளை குட்டிகளோடு கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களின் கதை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. உலகம் வெளிவிடும் கரிமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டு ஆலைகளின் பங்கு என்று அறிஞர் கணக்கிடுகிறார்கள். அந்தப் புகையைக் குறைக்கும் கல்லை, கடற்கரையோரக் கனவு நகரத்தில் மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

பழைய கொத்தனார்களுக்கும் இது தெரியாததல்ல. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். அந்தத் தட்டலுக்கு ஒரு தாளம் உண்டு, பாட்டும் உண்டு. வெயில் தட்டோட்டோடு நின்றது, மழை வழிந்தோடியது. செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் வெட்டியது எதை? அந்தத் தட்டோட்டை! இந்த ஊர்க் கோபுரத்தையே பாருங்கள். 217 அடி உயரம். பக்திப் பரவசத்தோடு அதைப் பார்ப்பவன் அல்லன் நான். பாடுபட்டவனின் கையைத் தேடிப் பார்ப்பவன். அடியிலே பாரம் தாங்கக் கருங்கல். மேலே பாரம் குறையச் செங்கல்லும் சுதையும். எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று அந்தக் கொத்தனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவன் சொந்தக் குடிசைக்கு அந்த அறிவைச் செலவிட அவனுக்கு நிலமில்லை, காசில்லை. ஆயிரங்கால் மண்டபம் கட்டியவனுக்கு நாலு கால் பந்தல்!

"கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது" என்பார்கள். இந்தப் பழமொழியை மேடைதோறும் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தப் புற்றை உற்றுப் பார்த்தோமா? நாம் புற்றைச் சுற்றி மஞ்சள் துணி கட்டினோம், பால் ஊற்றினோம், முட்டை வைத்தோம். ஜிம்பாப்வே நாட்டுத் தலைநகர் ஹராரேயில் மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர், அந்த மண் மேட்டுக்குள் காற்று எப்படி நடமாடுகிறது என்று கேட்டார். கேள்வியின் விளைவாக 1996இல் எழுந்தது ஈஸ்ட்கேட் என்னும் பெருங்கட்டடம். பெரிய குளிர்சாதனப் பொறி இல்லை. இரவின் குளிர்காற்றை உள்ளிழுத்துக் கனத்த சுவர்களையும் தளங்களையும் குளிர்வித்து வைத்துக்கொள்கிறது. பகலில் அந்தக் குளிர்ச்சியைச் செலவிடுகிறது. சூடேறிய காற்று புகைபோக்கிகளின் வழியே மேலேறி வெளியேறுகிறது. வேடிக்கை என்ன தெரியுமா? புற்று உண்மையில் அவர் நினைத்தபடி வேலை செய்வதில்லை என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்! ஆயினும் கட்டடம் குளிர்ச்சியாகவே நின்றது. கேள்வி கேட்டவன் தவறாகக் கேட்டும் பயன் பெற்றான். பால் ஊற்றியவன் பாலையும் இழந்தான்.

வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது. வீடு நிற்கும் இடத்தைப் பேச வேண்டும். அதைப் பேச இந்த ஊரில் பேனா நடுங்குகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கரையைக் கடந்ததே தவிர மாவட்டங்களைக் கடக்க மனமில்லாமல் கொட்டித் தீர்த்தது. மறுநாள், டிசம்பர் 1, மாலை. அண்ணாமலை மலையின் சரிவில் மண் நெகிழ்ந்தது, பாறை உருண்டது, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீடு புதைந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்!

மலை சினந்தது என்று சொல்வோர் உண்டு. விதி என்று சொல்வோர் உண்டு. பாறைக்குச் சினமும் இல்லை, சாதகமும் தெரியாது. பாறையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதனடியில் உள்ள மண். அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது வேர். மரத்தை வெட்டினோம், கோடைதோறும் புல்லுக்குத் தீ வைத்தோம், சரிவின் காலை வெட்டி மனையாக்கினோம். மழைநீர் நிரம்பிய மண் பிடியை விட்டது. மொட்டையாகிக் கிடந்த இந்த மலையில் பல ஆண்டுகளாக நாட்டு மரங்களை நட்டுத் தீயை அணைத்து வரும் 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளைக்காரர்களும் வனத்துறையினரும் அறிந்த பாடம் இது. நம் மனைப்பிரிவுகள் அறியாத பாடம்.

இங்கே ஒரு கேள்வி எழும்: அங்கே போய் ஏன் வீடு கட்டினார்கள்? ஆம், ஏழைக்கு மலைச்சரிவில் மல்லாந்து படுக்க ஆசை பாருங்கள்! பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கில் மக்கள் வலம் வருகிறார்கள். வருகிறவர்களுக்கு விடுதி எழும்புகிறது. விடுதி எழும்ப எழும்பச் சமநிலத்தின் விலை எழும்புகிறது. 2024 ஆகஸ்டில் ஊர் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. பூக்கட்டுகிறவளும் ஆட்டோ ஓட்டுகிறவனும் அந்த விலைக்கு எங்கே போவார்கள்? மேலே போனார்கள், மலைமேல் போனார்கள். பணக்காரன் இயற்கையைத் தேடி வந்தான். அவன் வந்த வேகத்தில் ஏழை இயற்கையின் வாய்க்குள் தள்ளப்பட்டான்.

அந்த விபத்துக்குப் பின் வந்த தீபத் திருநாளில், டிசம்பர் 13 அன்று, பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மண் நெகிழ்ந்திருக்கிறது, ஆபத்து என்றது வல்லுநர் அறிக்கை. சரியான முடிவு. ஒரு நாள் அந்த மலைமேல் ஏறுவது ஆபத்து என்று அறிந்துகொண்டோம். ஆண்டு முழுதும் அதன் கீழே உறங்குகிறவர்களுக்கு எந்த அறிக்கை?

சுற்றுப்புறத்தைக் கேட்டுக் கட்டு என்பதன் முதல் பொருள் இதுதான்: தண்ணீர் எந்த வழியாக இறங்கும், பாறை எந்த வழியாக உருளும் என்று கேள். மலையிலிருந்து இறங்கும் மழைநீரைப் பிடித்துவைக்க இந்த ஊரைச் சுற்றிக் குளங்கள் வெட்டியவர்களுக்கு அது தெரியும். சுற்றுப்புறம் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. அண்டை வீட்டில் யார் என்பது. பல ஊர்களிலே வெள்ளம் முதலில் புகும் பள்ளத்தைச் சேரிக்கு ஒதுக்கியவர்களுக்கும் இயற்கையைப் பற்றிய அறிவு நிறைய இருந்தது, தோழரே! அந்த அறிவைத்தான் அவர்கள் அப்படிப் பயன்படுத்தினார்கள். 1997இல் சமத்துவபுரம் என்று நாம் அறிவித்து, நூறு வீடுகளில் எல்லாச் சாதியாரையும் அடுத்தடுத்துக் குடிவைத்தபோது, அந்தப் பழைய வரைபடத்தைத்தான் கிழித்தோம். அதைச் செய்ய முடிந்த நமக்குச் சன்னலை எதிரெதிராக வைக்க முடியாதா?

கனவு இல்லத்தின் விதிகளிலேயே ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 360 சதுர அடியில் 300க்குக் கான்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று வகுத்தார்கள். அந்த 60 சதுர அடிதான் தாழ்வாரம்! மேற்கு வெயில் சுவரில் விழாமல் தடுக்கும் நிழல்! அதை எத்தனை பேருக்குச் சொன்னோம்? எத்தனை கொத்தனார்களுக்கு ஓடு பதித்த தளம் போடக் கற்றுக்கொடுத்தோம்? "மாநிலம் முழுதும் ஒரே வரைபடமாக இருந்தால்தான் தணிக்கைக்கு எளிது" என்பார்கள் அலுவலர்கள். அவர்கள் தொல்லை எனக்குப் புரிகிறது. ஆனால் உதகைக்கும் திருவண்ணாமலைக்கும் நாகைக்கும் ஒரே வீடா? மலைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, வறண்ட சமவெளிக்கு ஒன்று, ஆற்றுப்பாசன நிலத்துக்கு ஒன்று என்று நான்கு வரைபடம் போட்டால் எந்தத் தணிக்கையாளர் மூர்ச்சித்து விழுவார்? கட்டி முடித்த தளங்களுக்கு வெண்ணிறச் சுண்ணாம்பு பூச எத்தனை கோடி வேண்டும்? சரிவில் குடியிருப்போரை இறக்க வேண்டுமென்றால், முப்பது மைலுக்கு அப்பால் பொட்டலில் அல்ல, அவர்கள் பிழைக்கும் ஊருக்குள்ளே பாதுகாப்பான சமநிலத்தில் பட்டா கொடுத்துவிட்டல்லவா இறக்க வேண்டும்?

மேடைகளில் நாம் எண்ணிக்கை சொல்கிறோம். எத்தனை இலட்சம் வீடுகள், எத்தனை கோடி ரூபாய் என்று நானே அடுக்கிப் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இனி ஒரு புதுமனை புகுவிழாவுக்கு உங்களை அழைத்தால் போங்கள், தோழரே, மாலையை ஏற்றுக்கொள்ளுங்கள், படமெடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்த பின், அந்த வீட்டு அம்மையாரை ஓரமாக அழைத்து, "சித்திரையில் இரவு எங்கே படுப்பீர்கள் அம்மா?" என்று கேளுங்கள். "வாசலில்தான்" என்று அவர் சொன்னால், அந்த ஒரு சொல்லைக் குறித்துக்கொண்டு வந்து நம் மாவட்டக் கூட்டத்தில் படியுங்கள்.